ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு

உரிமம் எதுவும் இல்லாமல் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக்கொண்டு யாரும் நடமாடலாம் என்ற மாநிலச் சட்டம் செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்த வாரமே டவ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வெல்டா டாக்கெட்டின் சாப்பாட்டுக் கடை நான்கு அங்குலம் பூமிக்குள் இறங்கியது. சுவரில் கீறல் விழவில்லை, கோப்பையில் காபி தளும்பவில்லை. மறைத்த துப்பாக்கி ஒன்று வாசலைத் தாண்டும்போதெல்லாம் கடை ஒரு நகக்கனம் இறங்கும், அவ்வளவுதான். ஊரறிய இடுப்பில் தொங்கவிட்டு வரும் கிழவர் ஓட்டிஸுக்கு அது அசையவில்லை. மான் வேட்டை முடிந்து நீளத் துப்பாக்கிகளோடு வந்தவர்களுக்கும் அசையவில்லை. மறைத்தது மட்டுமே கனத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் வரும்போதுதான் ரொம்ப இறங்கியது. அதில் போதகரும் சேர்த்தி.

வெல்டாவுக்கு அறுபத்தொரு வயது. கணவர் லோனியும் அவளும் பலகை பலகையாக அடித்து எழுப்பிய கடை அது. லோனி போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு காலைகூட அடுப்பு மூட்டத் தவறியதில்லை. இறங்குவது யாரால் என்று அவள் குதிகால் சொல்லிற்று. ஆனால் வாய் திறந்து கேட்க முடியாது. அந்த வட்டாரத்தில் ஒருவரிடம் உங்களுக்கு எத்தனை மாடு என்று கேட்பதே மரியாதைக்கேடு. சட்டைக்குள் என்ன என்று கேட்பதற்கு மாட்டையே எண்ணிவிடலாம். ஆகவே அவள் கடைக்கு வெளியே நின்ற கொடிக்கம்பத்தில் கடை இறங்கிய அளவுக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள், உள்ளே இறங்குவதற்குப் படிக்கு மேல் படியாக மண்ணில் வெட்டிக்கொண்டே வந்தாள். நவம்பரில் மூன்றடியைத் தாண்டியபோது கட்டட ஆய்வாளர் டெல்மர் அளவுநாடாவோடு வந்தார்.

"வாசற்படி தரைமட்டத்துக்கு அஞ்சடி கீழ போயிட்டா இது கடையில்ல, நிலவறை. நிலவறையில அடுப்பு மூட்டக் கூடாது. பூட்டுப் போட்டுருவேன் மிஸ் வெல்டா, மனசுல வெச்சுக்காதீங்க."

"நாடாவைப் பத்திரமா சுருட்டி வை, டெல்மர். வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போ."

அன்றே அவள் வாசலில் அறிவிப்பு எழுதி ஒட்டினாள். அன்புள்ள அண்டை அயலாரே, உங்களுக்குச் சிரமமில்லை என்றால், தயவுசெய்து கைத்துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக. எல்லோரும் நின்று படித்தார்கள், கையெழுத்து அழகு என்றார்கள், துப்பாக்கியோடு உள்ளே வந்தார்கள். சின்ன வயதிலிருந்து அவள் கையால் தின்று வளர்ந்த ஊர்ப் போலீஸ்காரன் ராய்ஸ் கடைசியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்.

"தயவுசெய்துன்னு எழுதினா அது வெறும் ஆசை, மிஸ் வெல்டா. துப்பாக்கி உள்ள வரக் கூடாதுன்னா, அதுக்குச் சட்டத்துல இருக்கற வாசகத்தை அப்படியே போடணும். எழுத்து ஒரு அங்குல உயரம் இருக்கணும். தயவும் கூடாது, கடவுளும் கூடாது."

"அது சாப்பிட வர்றவங்களை நாயை விரட்டற மாதிரி இருக்குமேடா!"

"அதுக்குப் பேருதான் சட்டம்."

கோவேறு கழுதையிடம்கூடத் தயவுசெய்து நகரு என்று சொல்லும்படி வளர்க்கப்பட்டவள் அவள். தயவு இல்லாத ஒரு வாக்கியத்தை எழுத அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து, ஒவ்வொன்றும் அளந்து ஓர் அங்குலம், ஆணி அடித்தாயிற்று. ஊர் முறைத்துக்கொண்டது. ஆறு நாள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் கெளுத்தி மீன் வறுவல். வாசனை படியேறித் தெருவுக்குப் போனது. முதலில் போதகர் வந்தார், பலகையைப் படித்தார், எதையோ மறந்துவிட்டவர் போல வண்டிக்குத் திரும்பினார். அன்று அந்த ஊரில் எல்லோரும் வண்டியில் எதையோ மறந்திருந்தார்கள்.

ஆனாலும் கடை இறங்கியது. நாளுக்கு ஒரே ஒரு நகக்கனம், காலை ஆறு மணிக்கு, வாடிக்கையாளர் எவரும் வருவதற்கு முன். அப்போது உள்ளே இருப்பது இரண்டே பேர்: வெல்டாவும், சமையல் பார்க்கும் லோனியின் தங்கை ஐனெஸும். நாத்தனாரிடம் எப்படிக் கேட்பது என்று வெல்டா இரண்டு வாரம் தவித்தாள். கம்பத்தில் ஐந்தடிக் கோட்டுக்கு ஓர் அங்குலமே பாக்கி என்றானதும் கேட்டே விட்டாள்.

ஐனெஸ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தன் மேலங்கிப் பையை வெளியே இழுத்துக் காட்டினாள். "எங்கிட்ட இருக்கறது சோளமாவு அண்ணி. உங்க பையைத் தொட்டுப் பாருங்க."

வெல்டா தொட்டாள். லோனியின் சின்னக் கைத்துப்பாக்கி இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் எவனோ ஒருவன் கத்தியோடு வந்து கல்லாவைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாளிலிருந்து, நெற்றியில் மூக்குக்கண்ணாடி இருப்பதை மறந்தவள் போல, அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

"இது அவரோடதுடி. இதைக் கணக்குல சேர்ப்பாங்களா?"

"கடை சேர்த்துடுச்சே!"

உடைமைக்காரிக்குப் பலகை பொருந்தாது. சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. அதை எண்ணி அவள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று சொன்னால் பொய். நின்றாள். கத்தி வந்த அந்தக் கதவைப் பார்த்தபடி, அடுப்பில் எண்ணெய் புகையும் வரைக்கும் நின்றாள். பிறகு பத்துப் படி ஏறிப்போய், தன் பிக்கப் வண்டியில் இருக்கைக்கு எதிரே இருக்கும் முன்பெட்டிக்குள் அதை வைத்துப் பூட்டிவிட்டு, இடுப்பு ஒரு பக்கம் வெறிச்சென்றிருக்க இறங்கி வந்து மீனைப் போட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடை அசையவில்லை. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவாக நின்றது நின்றதுதான். ஏறவும் இல்லை.

வண்டிகள் நிற்கும் சரளைத்தரை ஜனவரியில் இறங்க ஆரம்பித்தது. முன்பெட்டிக்குள் இருப்பதும் மறைத்ததுதானே. வண்டிக்கு ஒரு நகக்கனம். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. தெருவிலிருந்து சரளைத்தரைக்கு ஒரு சரிவு போட்டார்கள். கடைக்கு இறங்கும் படிகளை ஒவ்வொன்றாகத் தரை விழுங்கியது. ஏப்ரல் கடைசியில் டெல்மர் நாடாவோடு வந்து, வாசற்படிக்கும் தரைக்கும் இடையே அளந்தார், மண்டியிட்டு இன்னொரு தரம் அளந்தார், சமமட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோள ரொட்டியும் மீனும் சாப்பிட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது, அவர் வண்டியும் வந்து நின்றதைவிட ஒரு நகக்கனம் கீழே இருந்தது.

அதெல்லாம் ஆகி ஏழு வருடம். இப்போது தெருவிலிருந்து சரிவில் வண்டியை இறக்கி நிறுத்த வேண்டும். பிறகு வெல்டாவின் கடைக்குள் போக எட்டுப் படி ஏற வேண்டும். ராய்ஸ் அதைக் கைப்பிடி வைத்துக் கட்டிக் கொடுத்தான். மீன் வறுவல் வெள்ளிக்கிழமை மட்டும்.