மர்ஜானாவுக்கு மூன்றாம் இடம்

என் வீட்டுக்காரர் சோலையப்பன் இதுவரை யாரையும் தோற்கடித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி, பாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் இவர்தான் நடுவர். இவரைப் போட்டால் எந்த அம்மாவும் சண்டைக்கு வரமாட்டாள், ஏனென்றால் கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் முதல் பரிசு கொடுத்துவிடுவார். மேடை ஏறி, மைக்கைப் பார்த்து, ஓவென்று அழுதுவிட்டு இறங்கிய குழந்தைக்குக்கூட 'சிறந்த உணர்ச்சி வெளிப்பாடு' என்று ஒரு ஷீல்டு. சங்கத்துக்காரர்கள் ஷீல்டை மொத்தமாக வாங்கி எங்கள் கார் டிக்கியில்தான் போட்டுவைப்பார்கள். காய்கறிப் பையை நான் மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஒருவர் மாட்டுக்கு நடுவராகப் போட்டார்.

அவர் பெயர் அபு ஹமத். என் வீட்டுக்காரர் அக்கவுண்டன்டாக இருக்கும் கார் உதிரிபாகக் கம்பெனியின் முதலாளி. சங்கத்துப் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர், இவர் நடுவர் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார். அல் ஐன் பக்கம் அவருக்கு ஒரு பண்ணை உண்டு. அதற்கு ஷார்ட்ஹார்ன் என்கிற சீமை ஜாதியில் ஆறு கிடாரிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். எல்லாம் இன்னும் கன்று போடாத இளசுகள். உடம்பு அமைப்பில் நல்லதாக ஒன்றை மட்டும் கால்நடைக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். எதை அனுப்புவது?

"நீதான் ஜட்ஜ் ஆச்சே. வந்து பார்த்துச் சொல்லு" என்றாராம். அவர் பேசுவது பாதி இந்தி, பாதி அரபி. நான் தமிழாக்கித்தான் சொல்கிறேன். "சரியா எடுத்துட்டா பண்ணையை நீயே பார்த்துக்கோ. அங்கே ஒரு வில்லா சும்மாதான் கிடக்குது, குடும்பத்தோட வந்து இரு."

வில்லா என்ற சொல்லைக் கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கராமாவில் நாங்கள் அப்போது இருந்த பிளாட்டில் பாதி எங்களுக்கு, மறுபாதி கீழக்கரை அஸ்மத் பீவி குடும்பத்துக்கு. ஹாலின் நடுவே பிளைவுட் தடுப்பு. நான் இந்தப் பக்கம் தும்மினால், "என்ன ஆச்சி, சளியா? ஆவி புடிங்க" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். சமையலறை ஒன்றுதான், அடுப்புக்கு முறை வைத்திருந்தோம். பீவி தங்கமான மனுஷி, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒன்பது வருஷமாக என் உப்பு ஜாடி நான் வைத்த இடத்தில் இருந்ததில்லை. எனக்கென்று ஓர் அடுப்படி வேண்டும். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? ஓர் அடுப்படி.

"ஏங்க, ஒண்ணக் காட்டி இதுதான்னு சொல்லிட்டா முடிஞ்சது. மிச்சம் அஞ்சும் கோவிச்சுக்கிட்டு கேஸா போடப் போகுது?" என்றேன்.

"பாவம் உமையா. அம்புட்டுத் தூரம் ப்ளைட்ல வந்திருக்குதுக" என்றார்.

அன்றிலிருந்து நான் அவரைப் பழக்க ஆரம்பித்தேன். தட்டில் ரசம், கூட்டு, வத்தக்குழம்பு மூன்றையும் வைத்து, "எது முதல், எது ரெண்டு, எது மூணு? சொன்னாத்தான் அப்பளம்" என்பேன். அவர் மூன்றையும் தொட்டு நக்கிவிட்டு, "எல்லாமே நல்லாருக்கு" என்பார். தட்டை இழுத்துக்கொள்வேன். ஒருநாள் பசி தாங்காமல், "கூட்டு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும், "கொஞ்சம் கூடுதலாவே நல்லாருக்கு" என்று முடித்தார். என் மேலும் தப்பு இருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

ஆனால் ஒன்று, பாடத்தை ஒழுங்காகப் படித்தார். கிடாரியை எப்படிப் பார்ப்பது என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். முதுகு பலகை போல நேராக இருக்க வேண்டுமாம். இடுப்பு அகலமாக இருந்தால்தான் நாளைக்குக் கன்று சுலபமாக வெளியே வருமாம். நடக்கவிட்டு, பின்னால் நின்று, பின்னங்கால் இரண்டும் ஒன்றோடொன்று உரசுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இந்தக் கடைசிப் பாடம் அவர் தலைக்கு ஏறிவிட்டது. மெட்ரோவில் முன்னால் போகிறவர்களின் காலைப் பார்த்து, "இவருக்கு முட்டி உரசுது" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் கிள்ளிக் கிள்ளிக் கூட்டிவந்தேன்.

பண்ணைக்கு வரச்சொன்ன சனிக்கிழமை காலையில் இருவரும் கிளம்பும்போது எனக்கு ஏதோ பொறி தட்டியது. டிக்கியைத் திறந்தேன். ஆறு ஷீல்டுகள், துடைத்துப் பளபளவென்று, வரிசையாக. ஆறிலும் 'கோலப் போட்டி – முதல் பரிசு' என்று எழுதியிருந்தது.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்" என்றார்.

ஆறையும் அள்ளிக்கொண்டு மாடி ஏறி, தடுப்புக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன். "பீவி, இத ஒளிச்சு வைங்க. அவுக வந்து கேட்டாலும் குடுத்துடாதீக."

பண்ணையில் குளிர்சாதனம் போட்ட கொட்டகை. குளிப்பாட்டி, சீவி, வால் நுனியைப் பஞ்சு மாதிரி உப்பவைத்து ஆறு கிடாரிகளையும் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கயிற்றையும் ஒரு பாகிஸ்தானிப் பையா பிடித்திருந்தார். நடுவில் நின்றவள்தான் மர்ஜானா. செவலையும் வெள்ளையும் கலந்த நிறம், நெற்றியில் சுருட்டை முடி, கண்ணைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். அபு ஹமத் தன் கையாலேயே அவளுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போனைத் திறந்தால் முதலில் தெரிவது அவள் முகம்தான். முதலாவதற்குக் கட்டச் சொல்லி என் வீட்டுக்காரர் கையில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கொடுத்தார். ஒன்றே ஒன்று.

இவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து குளம்பைப் பார்த்தார். முதுகை உள்ளங்கையால் தடவினார். நடக்கவிட்டுப் பின்னாலேயே போனார். பார்த்து முடித்த ஒவ்வொன்றுக்கும் அந்தப் பையாவின் கையைக் குலுக்கி "மாஷா அல்லாஹ்" என்றார். ஒரு கிடாரி சலித்துப்போய்ப் படுத்தேவிட்டது.

"யல்லா, சோலை" என்று அவசரப்படுத்தினார் அபு ஹமத்.

"அர்பாப், இது முதுகுல முதல். அது நடையில முதல். அந்தக் கடைசி, அடக்கத்துல முதல்." முதலாளியை இவர் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்.

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு சொல்லு."

இவர் கார் டிக்கி இருந்த திசையைப் பார்த்தார். நான் வெறும் கையை விரித்துக் காட்டினேன். நெற்றியில் வேர்வை வழிய, ரிப்பனை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தச் சமயம் பார்த்து மர்ஜானா கழுத்தை நீட்டி, ரிப்பனை உருவி, மென்று தின்ன ஆரம்பித்தாள்.

கொட்டகையே சிரித்தது. அபு ஹமத் கை தட்டினார். "கலாஸ், முடிஞ்சது. அவளே எடுத்துக்கிட்டா. அவதானே முதல், சோலை?"

என் தெய்வமே என்று மர்ஜானாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மனதுக்குள் வில்லாவில் உப்பு ஜாடியை வைத்தாகிவிட்டது. இனி இவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அவருக்கும் சேர்த்து நானே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்ல அர்பாப்" என்றார் என் வீட்டுக்காரர். "மர்ஜானா மூணாவது."

இத்தனை நாள் நான் தலைகீழாக நின்று சொல்லவைக்கப் பார்த்த வார்த்தை. சொல்வதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? அதோடு விட்டாரா. தோளுக்குப் பின்னால் அவள் முதுகு குழிந்திருக்கிறது, நடக்கும்போது பின்னங்கால் உரசுகிறது, பேரீச்சம்பழம் தின்று தின்று வாலடியில் கொழுப்புக் கட்டியிருக்கிறது என்றார். ஓரத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் நின்ற செவலைதான் முதல், வெள்ளை இரண்டாவது என்றார். பிறகு, யாருமே கேட்காமல், நாலு, ஐந்து, ஆறு என்று அடுக்கினார். ஆறாவதைப் பிடித்திருந்த பையா தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டைத்தான் சொன்னேன் பாய், உங்கள இல்ல" என்று அவருக்குச் சமாதானம் வேறு. நான் "போதுங்க, போதுங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அபு ஹமத் மர்ஜானாவின் வாயிலிருந்து மிச்ச ரிப்பனை மெதுவாக உருவினார்.

"மூணாவதா?"

"மூணாவதுதான்."

"எங்க வீட்ல அத்தனை பேரும் முதல்னு சொன்னாங்க."

"அவங்ககிட்டயும் பழம் குடுக்க வேணாம்னு சொல்லுங்க அர்பாப்."

வேலையே போச்சு என்று நான் முடிவுகட்டி, எந்தச் சுவரில் சாய்ந்து மயங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அபு ஹமத் மர்ஜானாவுக்குப் பின்னால் போய்க் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு செவலையைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மர்ஜானாவின் கயிற்றை வாங்கி என் வீட்டுக்காரர் கையில் திணித்தார்.

"நீ குறை சொன்னே, நீயே சரி பண்ணு. அடுத்த வருஷம் இவ முதல் வரணும். அதுவரைக்கும் இங்கேயே இரு, துபாய் மாஃபி, கிடையாது."

அவர் அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். என் காதில் வில்லா என்று மட்டும் விழுந்தது.

குடிவந்துவிட்டோம். உப்பு ஜாடி வைத்த இடத்தில் இருக்கிறது. என் அடுப்படி ஜன்னலுக்கு நேராக மர்ஜானா நின்றுகொண்டு பேரீச்சம்பழம் கேட்டுக் கத்துகிறாள். இவர் காலையிலும் மாலையிலும் அவளை நடத்திக்கொண்டு போகிறார். எல்லாம் சரிதான், ஆனால் இவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. என் நீலப் புடவை நாலாவதாம். என் அண்ணன்மார் மூவரில் பெரியவர் கடைசியாம். குடிவந்த அன்றைக்கு நான் புதுக் கல்சட்டியில் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, கொட்டகையில் நின்ற மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ரெண்டாவது" என்றார்.

"அப்ப முதல் யாரு? ஒங்க ஆத்தாவா?"

"இல்ல உமையா. அஸ்மத் பீவி வைக்கிற புளியாணம்."

புளியாணம் என்பது பீவி வீட்டு ரசம். ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தடுப்புக்கு மேலே ஒரு கிண்ணம் வரும். மரியாதைக்குக் குடிக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? தட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். என் ரசத்தை நானே ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். இன்னொரு கரண்டியும் குடித்தேன். மனுஷன் சொன்னது சரிதான். அடுப்படி முழுக்க எனக்கே எனக்கு, சத்தமே இல்லை. ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டு, என்னையறியாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனை எடுத்துப் பீவியைக் கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சி, குரல் கம்மியிருக்கு? சளியா?"

"ஆமா பீவி."

"ஆவி புடிங்க."

"புடிக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை எல்லாரும் இங்க வந்துடுங்க. வரும்போது புளியாணம் வெச்சு எடுத்துட்டு வாங்க. அப்புறம் பீவி, அன்னிக்கு ஒங்ககிட்ட ஒளிச்சு வைக்கக் குடுத்தேன்ல, அந்த ஷீல்டுல ஒண்ணையும் எடுத்துட்டு வாங்க."

"ஷீல்டு எதுக்கு ஆச்சி? யாருக்கு?"

"வாங்க, சொல்றேன்" என்றேன்.