முகம் கெடாமல்

துப்பாக்கியில் கொக்கு சுடும் ரவையைப் போடுவதா, பன்றிக் குண்டைப் போடுவதா என்று வீரையன் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். வயலில் பன்றி விரட்ட அவன் அப்பா வாங்கிவைத்த லைசென்ஸ் துப்பாக்கி அது. பன்றி என்றால் யோசிக்கவே வேண்டாம், எங்கே ஓட்டை விழுந்தால் யாருக்கு என்ன. இது நரி. அதுவும் முகம் கெடாமல் வேண்டும்.

கேட்டது அவன் பெண்டாட்டி ஈஸ்வரி. இரண்டு பிள்ளை ஐந்தாம் மாதத்திலும் ஒன்று ஏழாம் மாதத்திலும் போன பிறகு, இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று ஊரே நம்புகிறது. போன தடவை குடவாசல் கடைவீதியில் ஒரு நரிப் படம் வாங்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டி, தினமும் அதில்தான் கண் விழித்தாள். அதுவும் கைவிட்டது. "பேப்பர் நரிக்கு என்னங்க சக்தி இருக்கும்? இந்தத் தடவ நெஜ நரி மூஞ்சி வேணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. மாட்டிக்கொண்டால் ஜெயில் என்று வீரையனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூன்றாவது பிள்ளையை வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு வந்த அன்று, அவள் பால் கட்டிய மாரோடு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். அதற்கு ஜெயிலே தேவலை.

ரவை வைத்திருந்தவன் சைக்கிள் கடை யூனுஸ், கூடப் படித்தவன்.

"பெரிய குண்டுன்னா விழுந்த எடத்துலயே செத்துரும். ஆனா பிச்சிக்கிட்டுப் போயிரும், தோலு எதுக்கும் ஆவாது. சின்ன ரவைன்னா தடமே தெரியாது" என்றான் யூனுஸ்.

"அப்ப சின்னதே குடு."

"சொல்றதக் கேளுடா. சின்னதுல ஒடனே சாவாது. உள்ள வாங்கிக்கிட்டு ஓடும், எங்கயாச்சும் கெடந்துதான் சாவும்."

"ஓடட்டும். தேடி எடுத்துக்குறேன்."

யூனுஸ் பொட்டலத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு கொடுத்தான்.

மாசி மாதம். அறுவடை முடிந்த வயலில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. விடியும் நேரத்துக்கு நரி வரப்பை மோந்துகொண்டே வந்தது. முகத்தை விட்டு விலாவுக்குக் குறிவைத்துச் சுட்டான். துள்ளியது, சத்தமே போடாமல் ஓடியது. உளுந்துச் செடிகளில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் கிடந்தது. தோல் கிழியவில்லை என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பக்கத்திலேயே நாணல் புதர் இருந்தது. அடிபட்டது அதில்தான் ஒதுங்கும் என்று போய்ப் பார்த்தான். இல்லை. ரத்தத் தடம் புதரைத் தாண்டி, வாய்க்காலில் இறங்கி ஏறி, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. சாகப்போகிறது எதற்கு இவ்வளவு தூரம் அலைகிறது என்று திட்டிக்கொண்டே பின்னால் போனான். தடம் வந்து சேர்ந்தது அவன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் மேட்டுக்கு. பிள்ளையைப் புதைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கருவேல மரத்தடியில் ஒரு பொந்து.

பொந்து வாசலில் நரி ஒருக்களித்துப் படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அது தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. உறுமவில்லை. முகத்தில் ஒரு கீறல் இல்லை, அவன் கேட்ட மாதிரியே.

பெரிய குண்டைப் போட்டிருந்தால் வயலிலேயே விழுந்திருக்கும். அங்கேயே உரித்து எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பான். வீரையன் அப்படியே குந்தி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நரியின் மூச்சு நின்றது குட்டிகளுக்குத் தெரியவில்லை, குடித்துக்கொண்டுதான் இருந்தன. அவன் இடுப்பில் இருந்த கத்தியை எடுக்காமலே எழுந்து வந்தான்.

ஈஸ்வரி கட்டிலில் கண்ணை மூடியபடி கிடந்தாள்.

"வெடி கேட்டுச்சுங்க. அதான் கண்ணத் தொறக்காமலே கெடக்கேன். கெடச்சுதா?"

"இல்ல. தப்பிச்சிருச்சு."

அவளுடைய மூடிய இமைகள் லேசாக நடுங்கின.

"போவுது விடுங்க. அதாச்சும் நல்லாருக்கட்டும். நான் ஒங்க மூஞ்சிலயே முழிச்சிக்கிறேன். கிட்ட வாங்க."

கொல்லைப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கீச்கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தது.

"என்னங்க அது, பூனக்குட்டியா?"

வீரையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். மறுபடியும் அழுத்தித் துடைத்தான். ஈஸ்வரி ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி அவனைத் தேடினாள். அந்தக் கை எட்டாத தூரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.