கை தவறிய நாற்பது இலைகள்

இலையை வேகவைப்பதுதான் அவளுடைய பிழைப்பு. காயவைத்து, பொடித்து, அமிலத்தில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, வடித்து, சொட்டுச் சொட்டாக அளந்தால் அதில் எவ்வளவு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், என்று தெரியும். பதினாறு வருஷமாக அந்த ஆய்வகத்தில் இதையே செய்துகொண்டிருந்தாள். இன்னும் தற்காலிக வேலைதான்.

ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வெள்ளைத் தாளில் இலையை வைத்துப் போனில் ஒரு படம் எடுத்தால், நிறத்தைப் பார்த்து மூன்று நொடியில் கணக்குச் சொல்லும் செயலியை உருவாக்கியிருந்தார். அதைச் சரிபார்க்க அவள் நானூறு இலைகளை வேகவைத்தாள். முந்நூற்று அறுபது அச்சாகப் பொருந்தின. நாற்பது முரண்டு பிடித்தன.

"இந்த நாப்பதும் சுண்ணாம்பு மண்ணு கடலைச்செடி சார். இரும்புச்சத்து இல்லாம மஞ்சளாயிருக்கு. தழைச்சத்து போதும் போதும்ங்கற அளவுக்கு இருக்கு. போன் மஞ்சளைப் பாத்துட்டு யூரியா போடுங்குது."

"நாப்பது இலைக்காக மூணு வருஷ உழைப்பைக் குப்பையில கொட்டச் சொல்றீங்களா? லேப்ல கை தவறிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க வேலையை நிரந்தரமாக்கற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு."

கை தவறவில்லை. ஒவ்வொரு இலையையும் மூன்று தடவை அளந்திருந்தாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

செயலி வெளிவந்த மாதமே அக்கா போன் செய்தாள். "ஏண்டி, உங்க ஆபீஸ் செயலியை நாங்களும் போட்டுட்டோம். கடலை மஞ்சளா இருக்குல்ல, யூரியா போடச் சொல்லுது."

அக்காவின் நிலம் முழுக்கச் சுண்ணாம்பு மண் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாற்பது இலைகள் நினைவுக்கு வந்தன. "பாத்துப் போடுக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அக்கா ஒருமுறை போட்டாள். கொழுந்து மஞ்சளாகவே இருந்தது. போன் இன்னும் போடு என்றது. மூன்று முறை போட்டாள். சத்தெல்லாம் தழைக்கே போய், கொடி முழங்கால் உயரத்துக்குக் கொழுத்தது. அறுவடையன்று அவள் போய்ச் சேர்ந்தபோது, அக்கா வரப்பில் உட்கார்ந்து பிடுங்கிய செடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். செடிக்கு ரெண்டு காய், மூன்று காய். அதிலும் பாதி பருப்பில்லாத பொக்கு.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமாடி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்க்கா."

அக்கா கத்தவில்லை. கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். "போனுக்குத்தான் மண்ணைப் பத்தித் தெரியாது. உனக்குத் தெரியும், சொல்ல வாயும் இருந்துச்சே."

மறுநாளே அவள் தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: 'கை தவறியதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டவரின் அளவீடுகளை ஆதாரமாக ஏற்க இயலாது.' அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கான உத்தரவு வேறொருத்தி பெயரில் வந்தது.

அக்காவுக்கு இரண்டு முறை போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அத்தான் எடுத்து, "அவ வேலையா இருக்காம்மா" என்றார். அக்காவின் குரல் பக்கத்திலேயே கேட்டது, யாரிடமோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.