ஜன்னலில் பார்த்த பெட்டி

சாவு விழுந்த வீட்டுக்காரனிடம் யாராவது ஷாம்பெயினை நீட்டுவார்களா? என்னிடம் நீட்டினார்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஒரு பெண், தட்டில் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றாள். அவள் மேல் தப்பில்லை. அந்த வரிசையில் உட்காருகிறவர்கள் எல்லோரும் சந்தோஷமாகப் போகிறவர்கள் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என் மகன் ஜெயவேல் இதே விமானத்துக்கு அடியில் பெட்டிக்குள் வருகிறான் என்பதை அவளுக்கு எந்த பாஷையில் சொல்வது? வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினேன்.

என் பெயர் ராமதாஸ். எண்ணூருக்குப் பக்கத்தில் காத்திவாக்கம் குப்பம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் டிரைவர். என்னை மாதிரி உப்புத் தண்ணியில் கிடந்து சாக வேண்டாம் என்று சொல்லித்தான் மகனைப் படிக்க வைத்தேன். அவன் என்ன செய்தான்? சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கடல் யாரை விட்டது? பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது, சரக்கு அறைக்குள் இறங்குகிற ஏணியிலிருந்து தவறி விழுந்துவிட்டான். தலையில் அடி. கம்பெனிக்காரர்கள் என்னை வரவழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசி வரைக்கும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

பெட்டி போகிற விமானத்திலேயே நானும் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பின்னால் ஒரு சீட்டும் காலி இல்லை, முன்னால் பிசினஸ் கிளாஸில் ஒன்றே ஒன்று இருக்கிறது என்றார்கள். கம்பெனி அதை வாங்கிக் கொடுத்தது. ஜெயவேல் இந்த சீட்டுகளைப் பற்றி ஒரு தடவை வீட்டில் சொல்லியிருக்கிறான். கப்பலில் ஏறப் போகும்போதெல்லாம் பின் சீட்டுக்கு இந்த வழியாகத்தான் நடந்து போவானாம். "கால நீட்டிகினு ராஜா மாரி படுத்துகினு போறானுங்க நைனா. ஒரு தபா நானும் அப்டி படுத்துகினு வரணும்" என்று சிரித்தான். அவனுக்குக் கொடுக்காத சீட்டை எனக்குக் கொடுத்தார்கள்.

முத்தம்மா போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "அவன தனியா வுட்றாதய்யா. கூடவே குந்திகினு இட்டுகினு வா." என் பெண்டாட்டி வேறு எதையும் கேட்கவில்லை.

அவள் கேட்காவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் ஒரு படகும் கடலுக்குப் போகாது. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. உடம்பைத் தனியாக விடக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவன் படுக்கக் கூடாது. கடலில் செத்தாலும் அதுதான் முறை. என் படகில் வேலை பார்த்த கன்னியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, அடியில் ஐஸ் போடும் அறையில்தான் அவனைக் கிடத்தினோம். அந்த அறையின் மூடி மேல் நான் உட்கார்ந்தேன். காசிமேடு வந்து சேருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதே மாதிரிதானே இதுவும்? அடியில் அவன், மேலே நான்.

ஆனால் ஒரு டிரைவர் செய்யக் கூடாத காரியத்தை விமானம் ஏறிய அன்று செய்தேன். எது ஏற வேண்டுமோ அது ஏறியதா என்று கிட்டே நின்று பார்க்காமல் நான் படகை எடுத்ததே இல்லை. ஐஸானாலும் டீசலானாலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கச் சொல்வேன். அங்கேயும் கீழே போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டேன், விடமாட்டார்கள் என்றார்கள். சரி, கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்று கடைசி வரை பார்ப்போம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வழியில்லை. பிசினஸ் கிளாஸ் ஆளாம். எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டு, கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள். பின் சீட்டுக்காரனாக இருந்திருந்தால் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். அவர்கள் மரியாதையில் இடி விழ!

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு வண்டி வந்தது. அதில் நீளமான மரப்பெட்டி ஒன்று, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அது மெதுவாக மேலே ஏறி விமானத்துக்குள் போனது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"இன்னா அண்ணாத்த, மெட்ராஸா?" என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தது. எத்தனையோ நாள் கழித்து நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெயர் சௌக்கத் அலி. மாதவரத்துக்காரர், தோல் வியாபாரம். தோல் வாங்க அந்த ஊருக்கு அடிக்கடி வந்து போவாராம்.

"கீழ என் புள்ள கீறான் பாய்" என்றேன்.

"கீழன்னா?"

"பெட்டில. தனியா வுடக் கூடாதுன்னு கூடவே குந்திகினு போறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். படுக்கிற மாதிரி சாய்த்து வைத்திருந்த தன் சீட்டை நேராக்கினார். "எங்கள்லயும் மய்யித்த தனியா வுட மாட்டோம். நீ குந்து. நானும் குந்திகினு வரேன்" என்றார்.

விமானம் கிளம்பியது. சாப்பாடு சாப்பாடாகக் கொண்டுவந்தார்கள். மேஜை விரிப்பு போட்டு, உப்புக்கு ஒரு குட்டி ஜாடி, வெண்ணெய்க்கு ஒரு குட்டித் தட்டு. நான் ஒன்றையும் தொடவில்லை. பிறகு அந்தப் பெண் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, சீட்டைக் கட்டிலாக்கித் தருகிறேன் என்று சைகை காட்டினாள். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சௌக்கத் பாய் அவளிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அவள் மெத்தையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மகள் ஜெயஸ்ரீ வயசுதான் இருக்கும். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

விளக்கை அணைத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக ஜெயவேலைக் காட்டிய பிணவறையிலும் இப்படித்தான் வரிசையாகக் கிடந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. காலுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி உறை கொடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டேன். அவனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற மாதிரி இருந்தது.

விமானம் குலுங்கியபோதெல்லாம் காலை அழுத்தி வைத்தேன். "ஒண்ணியும் இல்லடா, காத்துதான்" என்று சொன்னேன். அவன் தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். முதன்முதலாக அவனைப் படகில் ஏற்றியபோது அவன் வாந்தி எடுத்து நாறடித்ததைச் சொன்னேன். பதினாலு மணி நேரப் பயணமாம். ஒரு அப்பன் மகனோடு அவ்வளவு நேரம் பேசுவானா? உயிரோடு இருந்தபோது நான் பேசியதில்லை. சௌக்கத் பாய்க்கு நடுவில் தலை தொங்கும். திடுக்கென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, "முழிச்சினுதான் கீறேன்" என்பார். மனுஷன் தங்கம்.

வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாறினோம். "பெட்டிய மாத்திட்டாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கலாமா அண்ணாத்த?" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் கண்ணால பாத்தேன் பாய், ஏத்துனாங்க. அப்பறம் இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்று எரிந்து விழுந்தேன். ஒரு துறையில் ஏற்றிய சரக்கு ஊர் வந்துதானே இறங்கும்? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மீனம்பாக்கத்தில் சரக்கு இறக்குகிற ஆபீசுக்கு சௌக்கத் பாயும் கூடவே வந்தார். அங்கே சாலமன் வேனோடு நின்றிருந்தான். கப்பல் கம்பெனியின் சென்னை ஏஜெண்டிடம் வேலை பார்க்கிற பையன், ராயபுரத்துக்காரன். காகிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வெகு நேரம் கழித்து வெளியே வந்தான். என்னைப் பார்க்காமல் சௌக்கத் பாயைப் பார்த்துதான் பேசினான்.

"பெட்டி வரல பாய். அங்கயே ஏத்தல. ஏதோ பேப்பர்ல ஒரு சீல் இல்லன்னு நிறுத்தி வெச்சிட்டானுங்க. நாளன்னிக்கு வந்துரும்ன்றானுங்க."

"டேய், நான் பாத்தேன்டா!" என்று கத்தினேன். "நீட்டுப் பெட்டி. தார்ப்பா போட்டு கட்டினு இருந்திச்சி. நான் பாத்தேன்!"

"அது வேற இன்னாவோ பெட்டி மாமா. மெஷின் சாமானா இருக்கும்" என்று சொல்லும்போதே சாலமனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்க நான் பேசியதெல்லாம் யாரிடம்? எவனோ ஒருவனின் மெஷினுக்கு ஒண்ணியும் இல்லடா, காத்துதான் என்று தைரியம் சொல்லியிருக்கிறேன். சாப்பிடாமல் படுக்காமல் வெறுங்காலை வைத்துக்கொண்டு ஒரு மெஷினுக்குக் காவல் இருந்திருக்கிறேன். என் பிள்ளை அங்கே, நம்ம பாஷை தெரிந்த ஒரு ஆள் இல்லாத ஊரில், ஏதோ ஒரு கொட்டகையில் ஒண்டியாகக் கிடந்திருக்கிறான். நான் அந்தக் கட்டிலில் படுத்து மூச்சு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கியிருந்தாலும் அவனுக்கு ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது.

போன் அடித்தது. முத்தம்மா.

"வந்துட்டானா?"

"இல்ல."

"நீ?"

"நான் வந்துட்டேன்."

பின்னால் வீட்டில் பெண்கள் அழுகிறது கேட்டது. பிறகு அவள் நிதானமாகத்தான் கேட்டாள்: "அவன அங்க வுட்டுட்டு, நீ மட்டும் எப்டிய்யா வந்த?"

போனைச் சாலமனிடம் கொடுத்துவிட்டேன்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அந்த ஆபீஸ் வாசலில், லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். செக்யூரிட்டி விரட்டினான்; சௌக்கத் பாய் போய்ப் பேசிவிட்டு வந்தார். சாயங்காலம் தன் கடை ஆளிடம் ஒரு கோரைப்பாயும் ஃபிளாஸ்கில் டீயும் கொடுத்தனுப்பினார். டீயைக் குடித்தேன். கோரைப்பாயை மடித்தபடியே வைத்தேன். குப்பத்தில் அன்றைக்கும் மறுநாளும் ஒரு படகும் இறங்கவில்லை என்று சாலமன் சொன்னான். பிழைப்பு போகிறதே என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லையாம். அதைக் கேட்டு இன்னும் குறுகிப் போனேன்.

பெட்டி வருகிற ராத்திரி முத்தம்மாவும் ஜெயஸ்ரீயும் வந்தார்கள். முத்தம்மா என் பக்கம் திரும்பவில்லை. உள்ளேயிருந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும் நேராக அதனிடம் போனாள். மேலே ஒட்டியிருந்த பெயர் எழுதிய காகிதத்தைத் தடவினாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "அவன்தானா? நல்லா பாத்துச் சொல்லு" என்று மகளைக் கேட்டாள். ஜெயஸ்ரீ ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினாள். நானும் பக்கத்தில் போய் நின்று, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

சாலமன் முன் சீட்டைத் துடைத்து, "நீ முன்னால குந்து மாமா" என்றான். முன் சீட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று பின்னால் ஏறிப் பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முத்தம்மாவும் ஜெயஸ்ரீயும் எதிர்ப்பக்கம் ஏறினார்கள். சாலமன் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்ள, வேன் கிளம்பியது.

மாதவரம் ரவுண்டானா தாண்டி மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம் போல வரிசை கட்டி நின்றன. அந்த லாரிக்காரர்களை நான் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்குத் திட்டத் தோன்றவில்லை. வீடு போய்விட்டால் ஊரே அவனைச் சுற்றி நின்றுகொள்ளும். இந்த வேனின் பின்பக்கத்தில் அவனையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் மட்டும்தான் இருந்தோம். கையைப் பெட்டி மேல் வைத்தேன். மரம் சில்லென்றிருந்தது. முத்தம்மா என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு வீங்கிப் போயிருந்த என் காலைப் பார்த்தாள்.

"தூங்கவே இல்லியா நீ?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். எதற்குமே உதவாத விழிப்பு. அவள் தன் பக்கமிருந்து கையை நீட்டிப் பெட்டி மேல், என் கை மேல் வைத்தாள். அவ்வளவுதான், என் தலை தானாகப் பெட்டி மேல் சாய்ந்துவிட்டது. படுக்கக் கூடாது, படுக்கக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினேன்.

லாரிகள் நகர்ந்திருக்க வேண்டும். வேன் குலுங்கியது. அரைத் தூக்கத்தில் முத்தம்மா டிரைவரிடம் சொல்வது காதில் விழுந்தது.

"மெள்ள ஓட்டு தம்பி. அப்பனும் புள்ளயும் தூங்கினுகீறாங்கோ."