ஏழாம் ஜன்னலில் ஒரு ஹரிக்கேன்

புதிதாக வரும் போர் விமான மாடல் பெட்டியில் பிழை ஏதாவது இருந்தால், அதை ஏழு நாட்களுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுக்காத பிழை அசல் விமானத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் பறந்த விமானத்துக்கு. தாம்பரத்தில் இதற்காகவே தபால் நிலையத்தில் ஏழாம் ஜன்னல் இருந்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும்.

ஊரில் மாடல் சங்கத்துக்கு மூன்றே உறுப்பினர்கள். மாசிலாமணி பல்செட் செய்து கொடுப்பவர். ஹபீபுல்லா பாய் ரயில்வேயில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கோமளவல்லி பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவர். மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் குறைப் படிவம் செல்லும். பாராட்டுக் கடிதத்தையும் ஜன்னலில் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு ரசீது தர மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அமெரிக்க விமானத்தின் பெட்டி வந்தது. அதில் வால் சக்கரம் ஒரு மில்லிமீட்டர் குட்டை. மாசிலாமணி அதைக் கவனித்தார். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். எட்டாம் நாள் நூலகத்துப் புத்தகத்தில் இருந்த படங்களில் எல்லாம் அந்த விமானங்கள் பின்பக்கம் தாழ்ந்து, உட்கார்ந்த நாயைப் போல நின்றன. யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை என்றார்கள். ஆனாலும் அந்தப் புத்தகத்தை மாசிலாமணி அதற்குப் பிறகு தொடவில்லை.

தொண்ணூற்றேழு ஜூலையில் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பெட்டி மூவருக்கும் ஆளுக்கொன்றாக வந்தது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. மாசிலாமணிக்கு அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போதே கை ஈரமாகிவிட்டது. காரணம், அவர் மாமனார் ஞானாதிக்கம். எழுபத்தாறு வயது. மகள் ஜெசிந்தாவோடும் மாப்பிள்ளையோடும் அதே வீட்டில்தான் இருந்தார். நாற்பத்து நாலில் பர்மா எல்லையில் ஹரிக்கேன் ஓட்டியவர். ஜப்பானிய விமானம் சுட்டதில் எஞ்சின் தீப்பிடித்து, குதித்துத் தப்பி, ஒன்பது நாள் காட்டில் நடந்து வந்து சேர்ந்தவர்.

காலை ஏழு மணிக்கே ஹபீபுல்லா பாய் போன் செய்தார்.

"மாசி, தொறந்தீங்களா? மூக்கப் பாத்தீங்களா? இதுக்கு முன்னாடி வந்த மூக்கெல்லாம் கத்திரிக்கா மாதிரியில்ல இருந்துச்சு! இருபத்திரண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"இன்னும் ஆறு நாள் இருக்கு பாய்."

"எதுக்கு ஆறு நாள்? நான் ஒட்ட ஆரம்பிச்சிட்டேன்."

எதிலும் குறை கண்டுபிடிப்பவர் பாய். போன வருஷம் ஒரு ஜெர்மன் விமானத்துக்குப் பதினோரு பக்கம் எழுதியவர். அவரே இப்படிச் சொன்னது மாசிலாமணிக்கு நல்லதாகப் படவில்லை. மதியம் கோமளவல்லியிடமிருந்து ஆள் மூலம் ஒரு சீட்டு வந்தது. "இறக்கை சரி. பின்னுடம்பில் துணிக்கு அடியில் விலா தெரிகிறது. கொஞ்சம் அழுதேன். நாளை மதுரைக்குப் பரீட்சை மேற்பார்வைக்குப் போகிறேன், வர பத்து நாள் ஆகும்" என்று எழுதியிருந்தார்.

மாசிலாமணி பல்செட் அளக்கும் கேலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இறக்கை, வால், சக்கரம், துப்பாக்கித் துளை என்று ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவருக்குப் பயம் கூடியது.

மூன்றாம் நாள் காலை ஞானாதிக்கம் குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை.

"மாமா, என்ன ஆச்சு?"

"தொறக்க மாட்டேங்குது மாப்பிள்ளை."

தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஜெசிந்தா ஒரு விரலால் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. உள்ளே அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். அன்று மாலை அறைக்கதவுக்குப் பின்னால் நின்றார். மறுநாள் அலமாரி முன்னால். ஜெசிந்தா வீட்டில் இருந்த கதவுகளை எல்லாம் திறந்துவைத்து, மூடிக்கொள்ளாமல் இருக்கச் செங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"பெட்டியில ஏதோ இருக்குங்க" என்றாள்.

"ஆமா."

"சீக்கிரம் கண்டுபிடிங்க."

மாசிலாமணி மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மாமா, அன்னைக்கு பிளேன்லேருந்து எப்படி வெளியே வந்தீங்க?"

கிழவர் வெகுநேரம் யோசித்தார். நூறு முறையாவது சொன்ன கதை அது.

"வந்தேனே" என்றார். பிறகு, "வந்திருக்கணும். வந்ததாலதானே இவ பொறந்தா" என்று ஜெசிந்தாவைக் காட்டினார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உறுதி இல்லை.

அவரைக் கேட்டுப் பயனில்லை என்று மாசிலாமணிக்குப் புரிந்தது. பிழை கசிய ஆரம்பித்த பிறகு, ஓட்டியவரின் ஞாபகமும் பிழையின் பக்கம் சாய்ந்துவிடும்.

ஐந்தாம் நாள் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் கிழவருக்கு வேர்த்துக் கொட்டியது. புருவம் கருகிய வாடை அடித்தது. ஜெசிந்தா ஈரத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"கேஸ் புத்தகம் இந்த டப்பாவுல. குக்கர் கேஸ்கெட் புதுசு ஒண்ணு மேல் தட்டுல இருக்கு. அரிசி அளக்கிறதுக்கு இந்த டம்ளர், அந்த டம்ளர் இல்ல."

"எதுக்கு இதெல்லாம் சொல்றே?"

"உங்களுக்குத் தெரியாதுல்ல."

அவள் அன்று ஒரு மாதத்துக்கு ஆகும் அளவுக்கு முறுக்குச் சுட்டாள். மாசிலாமணி மேசைக்குத் திரும்பி, முதல் நாள் அளந்ததையே மறுபடி அளந்தார். எண்கள் அவர் கண்ணில் கலங்கித் தெரிந்தன. ஆறாம் நாள் முழுக்க அப்படியே போயிற்று.

ஏழாம் நாள் காலை கிழவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் மூடியிருந்தது. கைகள் மட்டும் மேலே போய், எதையோ பற்றிப் பின்னால் இழுத்தன. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தன. மாசிலாமணி காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றார். மாமனார் கதவை நினைத்துக் கை தூக்கவில்லை. எந்தக் கதவும் அந்தத் திசையில் திறப்பதில்லை.

மாசிலாமணி ஓடிப்போய் விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை எடுத்தார். அதை உடம்பில் பொருத்தி, பல்செட் ஈறில் உட்காருகிறதா என்று பார்ப்பதைப் போல விளிம்பில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் இடறவில்லை. மூடி பின்னோக்கிச் சறுக்கிப் போகப் பள்ளமே இல்லை. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் கீறியிருந்தார்கள். செய்முறைத் தாளில் நான்கு மொழிகளில், மூடியபடி ஒட்டவும் என்று போட்டிருந்தது.

படிவத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஹபீபுல்லா பாய் வீட்டுக்குப் போனார். மணி இரண்டு.

பாயின் ஹரிக்கேன் முடிந்திருந்தது. வண்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில், வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். பாய் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"மூடிதானே மாசி. மூடிக்கிட்டுப் பறக்கிறதுதான் அழகு."

"தொறக்காது பாய்."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். எல்லாப் பெட்டியும் திரும்பப் போயிடும். ஒட்டினது, பெயின்ட் அடிச்சது, எல்லாம். எனக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னும் இருபத்திரண்டு வருஷம் எங்கேருந்து கொண்டாருவேன்?"

 மாசிலாமணி படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மாமனாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். ஆட்டோவுக்குக் கதவு இல்லாததால் சிரமம் இருக்கவில்லை.

ஞானாதிக்கம் அலமாரி முன்னால் குனிந்து நின்றார். பாய் அலமாரியைத் திறந்து விமானத்தை மேசையில் எடுத்து வைத்தார். கிழவர் பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்து, இது என்னுடையதுதான் என்பதைப் போலத் தலையசைத்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் கண்ணாடி மூடியை மெதுவாக நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினார்.

"உள்ள ஆள் இருக்குது பாய்" என்றார் மரியாதையாக.

பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். விமானி பொம்மையை அவரே வைத்து, மீசைகூடத் தீட்டியிருந்தார். இப்போது மூடியில் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தார். அது போகவில்லை. ஆவி உள்பக்கத்தில் இருந்தது. ஒரு கணம் தெளிந்து, மறுபடி படிந்தது.

"பேனா கொடுங்க" என்றார் பாய்.

மூவரும் ஏழாம் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. ஜன்னலில் இருந்த பெண் ரப்பர் ஸ்டாம்புகளை எடுத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். படிவத்தை வாங்கிப் படித்தார்.

"பள்ளம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. இடது பக்கமா, வலது பக்கமா?"

"ரெண்டு பக்கமும்மா."

"அப்ப ரெண்டு குறை சார். ரெண்டு படிவம் வேணும்."

மாசிலாமணி அவசரத்தில் எழுதிய எழுத்து கோணல்மாணலாக வந்தது. பாய் படிவத்தைப் பிடுங்கி, வரைபடத்துக்கு எழுதுகிற அச்சு எழுத்தில் விறுவிறுவென்று எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் ஞானாதிக்கம் பெஞ்சில் உட்கார்ந்து இருமத் தொடங்கினார். அவர் சட்டைக் காலரிலிருந்து மெல்லிய புகை வந்தது. காத்திருந்த ஒருவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

முதல் முத்திரை விழுந்தது. அந்தப் பெண் மை தொட்டு இரண்டாவதையும் குத்தினார். சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பத்தொன்பது காட்டியது.

இருமல் நின்றது. கிழவர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, "காத்து வருது" என்றார்.

திரும்பி வந்தபோது பாய் வீட்டு மேசையில் ஹரிக்கேன் இல்லை. சாம்பல் நிறப் பாகங்கள் சட்டங்களில் பழையபடி கோத்திருந்தன. வண்ணப் புட்டிகள் நிறைந்திருந்தன. பெட்டி மூடி, கயிறு கட்டி, எடுத்துப் போக வருகிறவர்களுக்காக வாசல் பக்கம் திரும்பியிருந்தது. பாய் வெள்ளைத் துணியை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

ஞானாதிக்கம் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலது இறக்கைக்குக் கீழ ஒரு எண்ணெய்க் கறை வச்சிருந்தீங்களே."

"ஆமா சார். போட்டோவுல இல்ல. நானா வச்சேன்."

"அது அங்கதான் இருந்துச்சு. எத்தனை தடவை துடைச்சாலும் வரும்."

பாய் முகத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டார். அவருடைய மனைவி மூவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் ஆறவிடவில்லை.

வீட்டில் கிழவர் தானே கதவைத் திறந்து உள்ளே போனார். ஜெசிந்தா செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லைப்புறம் அடுக்கினாள். பிறகு, "அந்த முறுக்கையெல்லாம் யார் திங்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வியாழக்கிழமை அடுத்த பெட்டி வந்தது. ஜப்பானிய விமானம், ஹயபுசா. தபால்காரரோடு கூடவே ஒரு வயதான ஜப்பானியரும் சிறிய தோல்பையோடு வந்து நின்றார். பெயர் ஒகுமுரா. அவர் ஊரில் மாடல் செய்கிறவர்கள் யாரும் இல்லாததால், ஏழு நாளைக்கு இங்கே தங்கலாம் என்று ஏழாம் ஜன்னல் முத்திரையோடு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார். ஜெசிந்தா ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள்.

"அன்னைக்கு என்னைச் சுட்டது இவர்தான்" என்று மாப்பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினார் ஞானாதிக்கம். கட்டிலில் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். "காலையிலேருந்து கழுத்த இடப்பக்கம் திருப்ப முடியலையாம். வால் பக்கம் மொதல்ல பாருங்க."

மாசிலாமணி கேலிப்பரைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார்.