ஓடிப் பழகிய கால்கள்

தெற்கு அந்தமானில் சௌல்தாரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழரசி லேப் டெக்னீஷியன். 2020 மார்ச் கடைசி. ஊரடங்கு சொல்லிவிட்டதால் அன்று ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் நாலே பேர். அவர்கள் போனதும் செல்போனை எடுத்தாள். தீவுக்கு அப்போது சாட்டிலைட் வழியாகத்தான் இன்டர்நெட். பக்கம் திறக்க வெகுநேரம் ஆனது.

ஆறு வருடமாக மாதா மாதம் பங்குச் சந்தை ஃபண்டில் போட்டு வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

மேட்டில் ஒரு வீட்டுக்கு, மகள் உதயாவின் படிப்புக்கு என்று இருபது வருடக் கணக்கில் சேர்க்கும் பணம் அது. இருபது வருடம் காத்திருப்பது என்ற பேச்சே அவளுக்குப் பயம். பதினொரு வயதில் அவள் நிகோபாரின் கச்சால் தீவில் இருந்தாள். அப்பா அழகையா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். சுனாமி வந்த காலையில் நிலம் ஆடி அடங்கியதும் கடல் உள்வாங்கியது. "பதறாத புள்ள, கொஞ்சம் நின்னு பாப்போம்" என்றார் அப்பா. அவள் நிற்கவில்லை. மேட்டைப் பார்த்து ஓடினாள். ஓடியவள் பிழைத்தாள். நின்றவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கணவன் அருண்பிரசாத்திடம் போனை நீட்டினாள். அவன் ஏசி மெக்கானிக். ரிசார்ட்டுகள் மூடியதால் ஒரு வாரமாக வேலை இல்லை.

"எல்லாத்தையும் வித்துடறேங்க. இன்னும் இறங்கும்."

அவன் திரையைப் பார்த்தான்.

"அரே, இவ்வளவா? எனக்கும் பயமாத்தான் இருக்கு தமிழு. ஆனா ஒண்ணு சொல்லு. இந்தக் காசு இந்த வருஷம் நமக்கு வேணுமா?"

"உங்க வேலை போயிட்டா?"

"உன் சம்பளம் வருது. பேங்க்ல ஆறு மாசச் செலவுக்குத் தனியா வச்சிருக்க. அதுக்குள்ள ஏதாவது வழி பொறக்காதா?"

"அதுவரைக்கும் நின்னு பாக்கச் சொல்றீங்களா? எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு."

அருண்பிரசாத் போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அங்க வந்தது கடல். ஓடினாத்தான் உயிரு. இங்க இப்ப ஓடினா, போனது போனதுதான். ஆனா நான் சொல்றது தப்பாவும் போகலாம். நீ வித்தாலும் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இனி முடிவு அவளுடையது மட்டும். விற்கும் படிவத்தைத் திறந்தாள். முழுத்தொகை என்று போட்டாள், அழித்தாள். கால்கள் தரையில் நிற்காமல் துடித்தன. கடைசியில் கால் பங்கை மட்டும் விற்று பேங்குக்கு மாற்றினாள். மிச்சத்தை விட்டு வைத்தாள். துணிச்சலில் செய்ததல்ல அது. அதற்குமேல் விரல் எழும்பவில்லை.

ஏப்ரல் முழுவதும் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. போனிலிருந்து ஃபண்ட் ஆப்பை அழித்தாள், இரண்டே நாளில் திரும்ப ஏற்றினாள். சந்தை ஏறிய நாட்களிலும் பயம்தான். இது பொய்யான ஏற்றம் என்று மனம் சொல்லும்.

வருடம் முடிவதற்குள் விழுந்தது எழுந்துவிட்டது. அடுத்த வருடம் அதையும் தாண்டிப் போனது. விற்ற கால் பங்கு இருந்திருந்தால் இன்று எவ்வளவு என்று அருண்பிரசாத் ஒருநாள் வாய்தவறிக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தான்.

"அத விக்காம இருந்திருந்தா மிச்சத்தையும் வித்திருப்பேங்க" என்றாள் அவள்.

அதன் பிறகும் சந்தை பலமுறை சரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இரண்டு நாள் தூக்கம் போகும். மிச்சமிருக்கும் வருடங்கள் முழுக்க இப்படிப் பயந்துகொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாதத் தவணையை அவள் ஒருமுறைகூட நிறுத்தவில்லை.