தலைவரின் திருரத்தம்

ஆய்வுக்கூட ஊழியர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் பரிசோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, இனி தலைமை ஆய்வாளரின் திருரத்தமே ஒப்பீட்டு மாதிரியாக விளங்கும்.

"ஆம்பளை ரத்தத்துல இந்த ஹார்மோன் சொற்பம். அதுக்கு நானே அத்தாட்சி" என்று சட்டைக் கையை மடித்தார் தலைவர். எல்லோரும் அக்கா என்றழைக்கும் டெக்னீஷியன் ரத்தம் எடுத்தார்.

மறுநாளே மானம் கப்பலேறியது. பரிசோதனைத் தட்டின் குழிகளில் நொதி ஒட்டினால் நீலம் வரும். ஹார்மோன் அதிகமிருந்தால் நொதிக்கு இடமில்லை, நிறம் வெளிறும். தலைவரின் குழி நிறமற்ற வெறும் தண்ணீராய் நின்றது. கணக்குப்படி அவர் ஆறு மாத கர்ப்பிணி.

"பாத்து சார், மாடிப்படி மெதுவா ஏறுங்க" என்றார் காவலாளி.

தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "தட்டைக் கழுவக்கூடத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா லேப் வேலை?"

அக்கா மும்முறை செய்தும் அதே விடை. மாலைக்குள் கடிதம் தயார்: கவனக்குறைவு, திங்கள் முதல் வரவேண்டாம்.

அக்கா கடிதத்தை வாங்கிக்கொண்டு, பரிசோதனைப் பெட்டியிலிருந்த துண்டுத்தாளை நீட்டினார். "கடைசி வரி, சார். முடி வளர்ற மாத்திரையில பயோட்டின் இருக்குமாம். அது ரத்தத்துல இருந்தா, தட்டுல ஒட்ட வேண்டியது ஒட்டாம, கழுவும்போது போயிடுமாம். நீங்க அதெல்லாம்…"

"நானா? சேச்சே!"

"சரி சார்."

அக்காவின் பார்வை அவர் முகத்துக்கு நாலு விரற்கடை மேலே ஒரு கணம் நின்று இறங்கியது. பிறகு பதினொரு வருடமாகத் தேநீர் குடித்த குவளையைக் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்தார். ஒரு சொல் திட்டியிருந்தால்கூடத் தலைவர் தாங்கியிருப்பார். உட்கார முடியவில்லை.

மேசை இழுப்பறையைத் திறந்து மாத்திரைப் புட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

"எத்தனை நாளா, சார்?"

"நாலு மாசமா."

"வீட்டுல தெரியுமா?"

"கால்சியம்னு சொல்லியிருக்கேன்."

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் கூசியது. கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்தார் தலைவர். அறிவிப்புப் பலகையில் தன் கைப்பட எழுதினார்: தவறு டெக்னீஷியனுடையதல்ல, என் மாத்திரையுடையது. காவலாளி உட்பட எல்லோரும் நின்று படித்தார்கள். படித்தபின் ஒருவர் விடாமல் அவர் தலையைப் பார்த்தார்கள்.

அங்கே ஒரு முடிகூடப் புதிதாக முளைத்திருக்கவில்லை.